வீட்டு சர்வரில் ஓடும் ஹோம்ஸ்டே தளம்: பிரவுசர் எச்சரிக்கையை நிறுத்துவது எப்படி?

கோத்தகிரி_விடுதி:
ஹோம்ஸ்டேக்கான தளம் வீட்டிலேயே ராஸ்பெரி பை 4 என்ற சின்ன கம்ப்யூட்டரில், என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளில் ஓடுகிறது. டொமைன் சொந்தமாக வாங்கியது. ரவுட்டரில் 443 போர்ட் (எச்டிடிபிஎஸ் வரும் வாசல்) மட்டும் திறந்திருக்கிறது. தளம் யாருடையது என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ், ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் நானே தயாரித்ததுதான். தளத்தைத் திறப்பவர்களுக்கு "உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல" என்று வருகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பிடம் சான்றிதழ் வாங்கித்தரும் சர்ட்பாட் நிரலை ஓட்டினால் டைம்அவுட். என்ன வழி?

குன்னூர்_லினக்ஸ்:
அந்த எச்சரிக்கைக்குக் கீழே சின்ன எழுத்தில் பிழைக்குறி இருக்கும். உங்களுக்கு 'அதாரிட்டி இன்வேலிட்' என்றுதான் இருக்கும். நீங்களே செய்த சான்றிதழும் தகவலைப் பூட்டத்தான் செய்யும், ஆனால் அதற்கு ஜாமீன் போட பிரவுசர் நம்புகிற ஆள் யாரும் இல்லை. லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருவது அந்த ஜாமீனைத்தான்.

டைம்அவுட்டுக்குக் காரணம், சாதாரண எச்டிடிபி வரும் 80 போர்ட். டொமைன் உங்களுடையதுதானா என்று லெட்ஸ் என்கிரிப்ட் செய்யும் வழக்கமான சரிபார்ப்பு 80 வழியாகவே வரும், 443 மட்டும் போதாது. இரண்டையும் ரவுட்டரில் ராஸ்பெரி பைக்குத் திருப்பிவிடுங்கள். ஃபயர்வாலில் 'இந்தியா மட்டும்' என்று வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், சரிபார்ப்பு வெளிநாட்டு சர்வர்களிலிருந்தும் வரும். பிறகு சர்ட்பாட்டையும் அதன் என்ஜின்எக்ஸ் பிளகினையும் நிறுவி, முதலில் 'சர்ட்ஒன்லி'யோடு (சான்றிதழ் மட்டும்) 'ட்ரை-ரன்' (வெள்ளோட்டம்) கொடுத்து ஓட்டுங்கள். நேரடியாக முயன்று தோற்றுக்கொண்டே இருந்தால், ஒரு பெயருக்கு மணிக்கு 5 தோல்வியோடு கதவைச் சாத்திவிடுவார்கள். நிஜமாக வாங்கும்போது டபிள்யூ டபிள்யூ டபிள்யூ உள்ள பெயர், இல்லாத பெயர் இரண்டையும் கொடுங்கள். ஒன்றை விட்டால் 'காமன் நேம் இன்வேலிட்' வந்து நிற்கும்.

ஊட்டி_நெட்:
மேலே சொன்னது சரி. கையால் கான்ஃபிக் எழுதுபவர்கள் தவறுவது ஒரே இடத்தில்: இடைநிலைச் சான்றிதழும் சேர்ந்த 'ஃபுல்செயின்.பெம்' கொடுக்க வேண்டிய வரியில், தளத்தின் சான்றிதழ் மட்டும் உள்ள 'சர்ட்.பெம்' கொடுத்துவிடுவார்கள். கம்ப்யூட்டரில் குரோம் சமாளித்துக்கொள்ளும், ஆண்ட்ராய்டு போனில் எச்சரிக்கை வரும். உங்கள் விருந்தினர்கள் பார்ப்பதெல்லாம் போனில்தானே.

சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். புதுப்பிக்கும் டைமர் தினம் இருமுறை தானே ஓடும், அதற்கும் 80 வேண்டும், மூடிவிடாதீர்கள். காலாவதி நினைவூட்டல் மெயிலை 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள், காலண்டரில் நீங்களே குறித்துவையுங்கள்.

நம் மலையில் மழைக்காலம் வந்தால் கரண்ட் போகும். திரும்பி வரும்போது ரவுட்டர் ராஸ்பெரி பைக்கு வேறு உள் ஐபி கொடுத்தால் போர்ட் திருப்பியது வீண். அதன் மேக் முகவரியை (வன்பொருள் அடையாள எண்) வைத்து, ரவுட்டரில் உள் ஐபியை நிரந்தரமாக்குங்கள். வெளி ஐபியும் மாறலாம். அப்போது உங்கள் டொமைன் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு ரவுட்டருக்குப் போய், பெயர் பொருந்தாத சான்றிதழைக் காட்டலாம். ஐபி மாறினால் டொமைன் பதிவைத் தானே திருத்தும் டைனமிக் டிஎன்எஸ் ஸ்கிரிப்ட் போட்டு, டிடிஎல் (பழைய பதிவை மற்றவர்கள் நினைவில் வைக்கும் நேரம்) 300 நொடி வையுங்கள்.

கொடைக்கானல்_தளம்:
எங்கள் ஃபைபரில் ரவுட்டரின் வான் (இணையப் பக்க) ஐபி 100.72 என்று தொடங்குகிறது. போர்ட் திறந்தும் வெளியிலிருந்து எதுவும் வருவதில்லை. 80 போர்ட் இல்லாமல், டொமைன் பதிவு வழியே சரிபார்க்கும் டிஎன்எஸ் முறையில் சான்றிதழ் வாங்கினால் சரியாகிவிடுமா?

குன்னூர்_லினக்ஸ்:
100.64 முதல் 100.127 வரை இருந்தால் அது சிஜிநாட், அதாவது ஒரே வெளி ஐபியைப் பல வீடுகள் பகிர்கின்றன. டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி ரெக்கார்ட் (எழுத்துப் பதிவு) போட்டுச் சான்றிதழ் வாங்கலாம், ஆனால் வாங்கி என்ன பயன்? பார்வையாளர் உங்கள் வீட்டை எட்டவே முடியாது. இணைய நிறுவனத்திடம் ஸ்டாட்டிக் (மாறாத வெளி) ஐபி கேளுங்கள். இல்லையென்றால், கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் சர்வர்கள் வழியே தளத்தைக் காட்டும் கிளவுட்ஃப்ளேர் டனல். ராஸ்பெரி பையிலிருந்து வெளியே போகிற இணைப்பு என்பதால் போர்ட் திறக்கவே தேவையில்லை, சான்றிதழும் அவர்கள் பக்கமே. தளத்துக்குப் போகும் தகவலை அவர்களால் பார்க்க முடியும், அது சம்மதமென்றால் மட்டும்.

கோத்தகிரி_விடுதி:
80 திறந்ததும் சான்றிதழ் வந்துவிட்டது, நன்றி. ஆனால் வீட்டு வைஃபையில் திறந்தால் இன்னும் எச்சரிக்கை. அறைப் படங்களும் வெளியே சிலருக்குத் தெரியவில்லையாம்.

ஊட்டி_நெட்:
வீட்டுக்குள்ளிருந்து சொந்த டொமைனைத் திறந்தால் சில ரவுட்டர்கள் தங்கள் லாகின் பக்கத்தையே நீட்டும். நீங்கள் பார்ப்பது ரவுட்டரின் சான்றிதழ். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

படங்களுக்கு, பக்கத்தின் மூலத்தில் (சோர்ஸ் கோடு) 192.168 என்று தேடுங்கள். வீட்டு ஐபியோடு முழு முகவரி எழுதியிருப்பீர்கள். அதை வெட்டிவிட்டு '/படங்கள்/அறை1.ஜேபிஜி' என்பதுபோலச் சுருக்குங்கள். எஸ் இல்லாத எச்டிடிபியில் வெளியிலிருந்து இழுக்கும் ஸ்கிரிப்ட் இருந்தால் அதையும் பிரவுசர் தடுக்கும். இ-பாஸ் தளத்துக்குக் கொடுக்கும் வெறும் லிங்க் போன்றவற்றால் சிக்கல் இல்லை, பக்கத்துக்குள் ஏற்றப்படுபவைதான் கணக்கு.