குடல் துடிக்குது, ஆனா பெல்லட் நகர மாட்டேங்குது, உதவி வேணும்

கேள்வி:
வணக்கம். கினிப்பன்றியோட பெருங்குடல் கடைசிப் பகுதிய எடுத்து ஆர்கன் பாத்ல (எடுத்த உறுப்ப உயிரோட வச்சிருக்குற சின்னத் தொட்டி), கிரெப்ஸ் கரைசல்ல (உப்பும் குளுக்கோஸும் கலந்த திரவம்), 37 டிகிரில வச்சிருக்கேன். மேல்முனையில செயற்கை பெல்லட் (புழுக்கை மாதிரி ஒரு உருண்டை) விட்டா அப்படியே நிக்குது. தசை உயிரோடதான் இருக்கு, அங்கங்க தானா சுருங்கி விரியுறது கண்ணுக்கே தெரியுது. மூளைத் தொடர்பே இல்லாம குடல் தள்ளும்னுதானே படிச்சோம்? மூணு நாளா இதே கதை.

பதில்:
தம்பி, சுருங்குறது வேற, தள்ளுறது வேற. பெல்லட் சுவர விரிச்சதும் சுவருக்குள்ள இருக்குற நரம்புப் பின்னல் முழிச்சுக்கும், மேல்பக்கம் அசிட்டைல்கோலின்ங்கிற நரம்பு ரசாயனத்த விட்டு தசைய இறுக்கும், கீழ்பக்கம் நைட்ரிக் ஆக்சைடுங்கிற இன்னொண்ண விட்டு தளர்த்தும், ரெண்டும் ஒண்ணா நடந்தாத்தான் பெல்லட் போகும். மேல இறுகும், கீழ தளரும்னு உடலியல் ஆய்வாளர்கள் பேலிஸும் ஸ்டார்லிங்கும் 1899லயே சொன்னாங்க, ரசாயனப் பேரெல்லாம் பின்னாடி தெரிஞ்சது. நீங்க பாக்குற துடிப்புக்கு நரம்பே தேவையில்ல, குடல் சுவர்ல தாளம் போடுற கஹால் செல்கள் கிளப்புற மெதுவான மின் அலை போதும்.

இன்னொரு பதில்:
நரம்பு போயிடுச்சோன்னு எனக்குத் தோணுது. ஆக்சிஜன் இல்லாட்டி தசைய விட நரம்புதான் சீக்கிரம் அடிவாங்கும். குடல எடுத்து சுத்தம் பண்ற நேரத்துல கரைசல்ல ஆக்சிஜன் கேஸ் போயிட்டிருந்துச்சா? ஒரு டெஸ்ட் பண்ணுங்க. அசிட்டைல்கோலின் விட்டா சுருங்கணும், அது தசை. அப்புறம் ஒரு மில்லிசெகண்டுக்கும் கம்மியான கரண்ட் பல்ஸ் குடுங்க, அதுக்கு நரம்புதான் பதில் சொல்லும். பெல்லட் சைஸும் பாருங்க, சுவர விரிக்காத பெல்லட்டால பிரயோஜனமில்ல.

கேட்டவர்:
அசிட்டைல்கோலினுக்கு நல்லா சுருங்குச்சு, பல்ஸுக்கு ஒண்ணுமே இல்ல 😔 சுத்தம் பண்ணும்போது கேஸ் இல்லாம வெறும் சலைன்ல கால்மணி நேரம் கிடந்துச்சு.

வேறொருவர்:
குழந்தைங்களுக்கு வர்ற ஹிர்ஷ்ப்ரங் நோயும் இதுக்குப் பக்கத்துலதான், குடலோட கடைசிப் பகுதியில நரம்பு செல்லே இருக்காது, தசை இருக்கும். தளர்த்த ஆளில்லாம அந்த இடம் இறுகியே கிடக்கும், மேல இருக்குற குடல் வீங்கிப் போயிடும். பாக்கவே பாவமா இருக்கும்.

கேட்டவர்:
இன்னிக்கு எடுத்த நிமிஷத்துலேர்ந்து 95% ஆக்சிஜன், 5% கார்பன் டை ஆக்சைடு விட்டுக்கிட்டே சுத்தம் பண்ணேன், அரைமணி நேரம் செட்டாக விட்டுட்டு பெல்லட் வச்சேன். பின்னாடி ஒரு வளையம் மாதிரி வெளுத்து இறுகுச்சு, முன்னாடி சுவர் தொளதொளன்னு திறந்துச்சு, பெல்லட் நிக்காம கீழ்முனை வரைக்கும் போயிடுச்சு! ரொம்ப நன்றி அண்ணா, எல்லாருக்கும்.