எங்கள் தாத்தாவுடன் படையில் இருந்தவர்களைத் தேடுகிறோம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். 1971 போரில் மேற்கு முனையில் பணியாற்றியதற்கான பஸ்சிமி ஸ்டார் பதக்கத்தைத் தகரப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு, பேரப்பிள்ளைகளின் பள்ளிக் கோப்பைகளை மட்டும் கூடத்தில் அடுக்கி வைத்திருந்த எங்கள் தாத்தா, சென்ற ஆண்டு காவேரிப்பட்டினத்தில் காலமானார். போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போனால் வழியில் பத்துப் பேரிடமாவது நலம் விசாரித்து, இருவரைச் சாப்பிட அழைத்து வந்துவிடுவார் என்பதால், பாட்டி களிக்கு எப்போதும் இரண்டு பிடி ராகி மாவு கூடுதலாகவே எடுப்பார். இவ்வளவு பேசியவர் போரைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

முதலாண்டுத் திதிக்கு ஒரு நினைவு மலர் தொகுக்கிறோம். வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையத்தில் அக்காலத்தில் பயின்ற பெரியவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் இருந்தால் தெரிவியுங்கள். அவர்கள் வீட்டுக்கே வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம். தாத்தாவின் பெயரையும் படை எண்ணையும் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.