நொய்யல் கரை மணிகள்: பழமையை அறிவது எப்படி?

பெரம்பூர் வாசகி:
வணக்கம். மறைந்த என் அம்மாயியின் மரப்பெட்டியில், மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த 14 மணிகள் கிடைத்தன. ஒன்பது நல்ல சிவப்பு, மூன்று படிகம் போலத் தெளிந்தவை, இரண்டு கடுகைவிடச் சற்றே பெரிய நீல மணிகள். அம்மாயியின் ஊர், நொய்யல் கரையில் அகழாய்வில் பழங்கால மணிகள் கிடைத்த கொடுமணலுக்கு அருகில் உள்ளது. மழை ஓய்ந்ததும் காட்டில் மணி பொறுக்கப் போவது அங்கே சிறுபிள்ளைகளின் விளையாட்டாம். பாரிமுனையில் ஒரு கடைக்காரர் வெறும் கண்ணாடி என்று ஒதுக்கினார்; அடுத்த கடைக்காரரோ என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கேட்டார். இவற்றின் வயதை ஆய்வகத்தில் கணக்கிட இயலுமா? கண்ணால் பார்த்து அறியும் அடையாளம் ஏதேனும் உண்டா? அழுக்காக இருந்ததால் 11 மணிகளைச் சோப்பு நீரில் கழுவிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மண்ணடுக்கு:
மீதமுள்ள மூன்றையாவது கழுவாமல் வையுங்கள், அம்மா. கல்லின் வயதைக் கணக்கிட்டுப் பயனில்லை. கல் உருவான காலம் வேறு, அதை ஒருவர் மணியாக்கிய காலம் வேறு. கரிமக் காலக்கணிப்பு உயிருடன் இருந்த பொருள்களுக்கே பொருந்தும் என்பதால், மணி கிடந்த அதே மண்ணடுக்கில் கிடைக்கும் கரித்துண்டைக் கொண்டே மணியின் காலத்தைக் கணிக்கிறார்கள். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிமாதிரிதான் பொ.ஆ.மு. (கி.மு.) 580 என்ற காலத்தைத் தந்தது.

அடையாளம் கேட்டீர்கள். நான் மாணவனாக அகழாய்வுக் குழியில் வேலை பார்த்தபோது, எங்கள் ஆசிரியர் எந்த மணியைக் கையில் வாங்கினாலும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளையைத்தான் முதலில் பார்ப்பார். உங்கள் சிவப்பு மணிகள் சூதுபவளமாக (கார்னீலியன் என்னும் செந்நிறக் கல்) இருக்கக்கூடும். அந்தக் கல்லில் உள்ள இரும்பே அதற்கு நிறம் தருகிறது. பதமாகச் சூடேற்றினால் செம்மை கூடும். இவ்வளவு கடினமான கல்லை ஒரே பக்கத்திலிருந்து துளைத்தால் மறுமுனை சிதறிவிடும் என்பதால், இரு முனைகளிலிருந்தும் துளைத்து நடுவில் சேர்ப்பார்கள். சேருமிடத்தில் சிறு படியோ கோணலோ தெரியும். வைர முனைத் துரப்பணமாக (துளையிடும் கருவி) இருந்தால் துளைச் சுவரில் சீரான நுண்வளையங்கள் பதியும். ஆய்வாளர்கள் துளைக்குள் சிலிக்கான் பசையைச் செலுத்தி அச்செடுத்து, மின்னணு நுண்ணோக்கியில் அவ்வளையங்களை ஆராய்வார்கள். ஆனால் குஜராத்தின் காம்பத்தில் இன்றும் வில் துரப்பணத்தால் மணி துளைக்கிறார்கள். ஆகவே துளை செய்முறையைச் சொல்லுமே தவிர, நூற்றாண்டை அறுதியிட்டுச் சொல்லாது.

நீல மணிகள் கண்ணாடியாகவே இருக்கலாம். அதனால் அவற்றை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. புதுச்சேரிக்கு அருகிலுள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டின் பெருமையில் பாதி கண்ணாடி மணிகளால் வந்தது. உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கிய மணியில் காற்றுக் குமிழிகள் துளைக்கு இணையாக நீண்டிருக்கும். கம்பியில் சுற்றிச் செய்ததில் துளையைச் சுற்றி வளைந்திருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும்.

எழும்பூர் நடைபயணி:
மேலே எழுதியவர் துளையோடு நின்றுவிட்டார். எனக்கு மணி கிடைத்த இடம் அதைவிடப் பெரிதாகப் படுகிறது. கொடுமணலில் உடைந்தவை, பாதி தேய்த்தவை, துளையிடாதவை எனச் செய்முறையின் எல்லாக் கட்டங்களிலும் உள்ள மணிகள் கிடைத்ததால்தான், அவ்வூர் மணிகளை வாங்கிய ஊர் மட்டுமன்று, செய்த ஊரும்கூட என்று உறுதியாயிற்று. பச்சைக்கல்லான பெரில் அருகிலுள்ள படியூரில் கிடைக்கும். சூதுபவளத்தின் மூலக்கல்லோ கொங்கு நாட்டில் இல்லை, அது மேற்கிந்தியாவிலிருந்து வந்திருக்க வேண்டும். பதிற்றுப்பத்தின் 74ஆம் பாட்டு ‘கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்’ என்று அவ்வூரின் கைவினையைத்தான் சிறப்பிக்கிறது. இடம் தெரியாத மணி அழகாக இருக்கும், அவ்வளவே.

ஆகவே எந்தக் காடு, கிணற்றுக்கு எந்தப் பக்கம், அருகில் கருப்பு சிவப்புப் பானை ஓடுகள் கிடந்தனவா என்று ஊரில் உள்ள பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். விற்கும் எண்ணம் வேண்டாம். நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள் வணிகத்துக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். மண்ணில் கிடைத்த புதையலின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். எழும்பூர் ஆல்ஸ் சாலையில் மாநிலத் தொல்லியல் துறை அலுவலகம் உள்ளது. மணிகளைத் தனித்தனித் தாளில் மடித்து அங்கே கொண்டு செல்லுங்கள். வழியில் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்ப் பொருள்களையும் பார்த்துவிடலாம்.

பெரம்பூர் வாசகி:
இருவருக்கும் நன்றி. நேற்று இரவே உருப்பெருக்கியில் பார்த்தேன். சிவப்பு மணிகளில் ஆறில் துளை நடுவே கோணலாகச் சேர்கிறது. மற்ற மூன்றில் ஒரே நேராக ஓடுகிறது. அவை பிற்காலத்தில் திருவிழாக் கடையில் வாங்கியவை என்று அம்மா சொல்கிறார். பொறுக்கிய இடம் பற்றி என் பெரிய மாமாவிடம் தொலைபேசியில் கேட்டேன். அந்தக் காட்டில் ஏர் ஓட்டினால் ஓடுகள் புரளும் என்று இடத்தைத் தெளிவாகச் சொன்னார், எழுதிக்கொண்டேன். திங்கட்கிழமை ஆல்ஸ் சாலைக்குச் செல்கிறேன். திருவிழா மணிகள் மூன்றையும் தனியாகப் பிரித்துவிட்டேன். அவை அம்மாவிடமே இருக்கும்.