மரத்தில் படரும் லைக்கன்கள்: நேரில் கண்டவர்களின் பகிர்வு

சேலம், தாவரவியல் ஆசிரியை:

மசாலாவில் சேர்க்கும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். அந்தப் பெயரை நம்பி, அது பாறையில் மட்டுமே விளையும் என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் சில்வர் ஓக் மரங்களில், பட்டையெங்கும் அதே சாம்பல்நிறச் சுருள்கள் ஒட்டியிருந்ததைக் கண்டபோதுதான் அந்த எண்ணம் கலைந்தது.

வீடு திரும்பியதும், மளிகைக் கடையில் வாங்கிய பொட்டலத்தைத் தட்டில் கொட்டிக் கைலென்ஸ் வைத்துப் பிரித்தேன். சில துண்டுகளின் ஓரத்தில் மாவு தூவியது போன்ற பொடியும், வேறு சிலவற்றின் மேற்பரப்பில் பவளக் கொம்பு போன்ற நுண்ணிய முளைகளும் இருந்தன. மேல்தோலைச் சுரண்டி, உள்ளேயிருந்த வெண்பஞ்சு அடுக்கின் மீது துணி வெளுக்கும் ஹைப்போகுளோரைட்டு திரவத்தை ஒரு சொட்டு விட்டேன். முளை உடையது உடனே சிவந்தது. மாவு உடையது நிறம் மாறவில்லை. முன்னதை, இந்தச் சிவப்பைத் தரும் லெக்கனோரிக் அமிலம் கொண்ட பார்மோட்ரிமா டிங்டோரம் என்றும், பின்னதை பார்மோட்ரிமா பெர்லேட்டம் என்றும் முடிவு செய்தேன். ஒரே பொட்டலத்தில் இரண்டு இனங்கள். (சோதித்த துண்டுகள் குழம்புக்குப் போகவில்லை.)

இச்சோதனையை 1866-இல் புகுத்திய லைக்கன் ஆய்வாளர் வில்லியம் நைலாண்டர், லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்த கூட்டு என்ற தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனரின் கருத்தை இறுதிவரை ஏற்கவில்லை. இன்றைய வகைப்பாடோ அக்கருத்தின் மீதே நிற்கிறது: லைக்கனுக்கு இடும் பெயர் அதிலுள்ள பூஞ்சைக்கே உரியது.

ஃபின்லாந்தில் வசிக்கும் உறுப்பினர்:

ஆசிரியை பட்டையில் கண்டதைச் சொன்னார். நான் கண்டது பட்டையும் உதிர்ந்த வெறும் மரத்தில். இங்கே பைன் மரங்கள் இறந்த பிறகும் வெள்ளிநிறமாக நெடுங்காலம் நின்றுகொண்டிருக்கும். அவற்றைக் 'கெலோ' என்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றில், மழை படாத பக்கத்தில், கறுப்புத் தலையுடன் 1 மில்லிமீட்டர் உயரமே இருந்த, குண்டூசி போன்ற லைக்கன்களைக் கண்டேன். தொட்டதும் விரலில் மை போல் ஒட்டியது.

பெரும்பாலான லைக்கன் பூஞ்சைகள் தம் வித்துகளைப் பைகளிலிருந்து விசையுடன் வீசுகின்றன. இவற்றிலோ பைகள் கரைந்து, வித்துகள் உலர்பொடியாகத் தலையிலேயே குவிகின்றன. இந்த ஒற்றுமையைக் கொண்டு இத்தகையவற்றை எல்லாம் நெடுங்காலம் ஒரே வரிசையில் அடுக்கியிருந்தார்கள். டி.என்.ஏ. ஒப்பீடு அந்த அடுக்கைக் குலைத்துவிட்டது. குண்டூசி வடிவப் பேரினங்களுள் காலிசியம், லெக்கனோரோமைசீட்ஸ் என்ற பூஞ்சை வகுப்பைச் சேர்ந்தது. கீனோதீக்கா என்ற பேரினத்துக்குத் தனி வகுப்பே அமைந்தது. பாசியின் துணையின்றி மரத்தில் வாழும் மைக்கோகாலிசியமோ பெனிசிலியம் என்ற பூஞ்சை சேர்ந்த வகுப்பில் இருக்கிறது. அதாவது, குண்டூசி வடிவம் ஒரு பரம்பரைச் சொத்தன்று. வெவ்வேறு கால்வழிகளில் தனித்தனியே தோன்றியது. மழையும் காற்றும் எட்டாத இடுக்குகளில், உரசிச் செல்லும் பூச்சியின் உடலில் ஒட்டும் பொடியே உதவும் என்பது என் ஊகம். பால்டிக் கடற்பகுதியின் அம்பரில் (தொன்மையான மரப்பிசின் இறுகியது) சிக்கிய குண்டூசி லைக்கன்களும் ஏறத்தாழ இன்றைய உருவத்திலேயே இருக்கின்றன.

பொள்ளாச்சி, தென்னை விவசாயி:

காலிசியம் என்ற பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. என் தோப்பில் தென்னை மரங்களில் வட்டவட்டமாகப் படரும் சாம்பல்நிற லைக்கன் பைக்சின் கோகோஸ். பெயரிலேயே தென்னை இருக்கிறது. கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா விளக்கை ஓர் இரவு அதன்மீது பிடித்தபோது மஞ்சளாக ஒளிர்ந்தது. லைக்கெக்சாந்தோன் என்ற பொருள்தான் காரணம் என்று பிறகு அறிந்தேன். மரத்தின் சத்தை இது உறிஞ்சுவதாக எங்கள் பக்கம் சிலர் சுரண்டி எடுக்கிறார்கள். உண்மையில் இது மரத்தைத் தங்குமிடமாக மட்டுமே கொள்கிறது, உணவு உள்ளிருக்கும் பாசி தருவது.

தண்டும் குண்டூசித் தலையும் இல்லாமல் இலை போல் தட்டையாகப் படரும் இதையும் அந்தக் காலிசியத்தையும் இன்று ஒரே குடும்பத்தில் வைக்கிறார்கள். முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதில் அரிதாகக் கிடைத்த, வித்துகள் உண்டாகும் ஒரு சிறு கறுப்புத் தட்டினை நசுக்கி, மகளின் கல்லூரி நுண்ணோக்கியில் பார்த்தபோது, நடுவில் ஒரு தடுப்புடன் இரண்டு அறைகள் கொண்ட பழுப்பு வித்துகள் தெரிந்தன; காலிசியத்தின் வித்தும் அத்தகையதே என்கிறார்கள். ஃபின்லாந்து நண்பர் தம் விரலில் ஒட்டிய பொடியை நுண்ணோக்கியில் பார்த்ததுண்டா?