கல்லிடைக்குறிச்சி வீட்டுக்கு ரோபோ சரிப்படுமா?

ஆத்துப்பாலம்:
அம்மாவுக்கு 78 வயது, கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருக்கிறாள். அப்பா போன பிறகு புனேவுக்குக் கூட்டி வந்தேன், பதினைந்தே நாள், கூட்டுக்குள்ள அடைச்ச கோழி மாதிரி இருக்குல என்று சொல்லித் திரும்பிவிட்டாள். போன மாதம் தண்ணீர் புழங்கும் அங்கணத்தில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து குரல் கொடுக்கும்வரை முக்கால் மணி நேரம் எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறாள். எலும்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் என்னிடம் சொன்னதே நாலு நாள் கழித்துத்தான். வயதானவர்களுக்குத் துணையாக வீட்டுக்குள் சுற்றி வரும் ரோபோ வருகிறதாமே, யாராவது வாங்கியிருக்கிறீர்களா? காசு பிரச்சினை இல்லை.

ஸ்பேனர்:
அண்ணாச்சி, காசை விடுங்கள், வீடு எப்படி? தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுக்களை என்று ரயில் பெட்டி மாதிரி நீளும் பழைய வீடுதானே, நிலைக்கு நிலை படி இருக்குமே. தரை கூட்டும் சாதாரண ரோபோவே இரண்டு சென்டிமீட்டர் மேடு வந்தால் முக்கித்தான் ஏறும். சக்கரம் வைத்த எதுவும் பட்டாசலோடு நின்றுவிடும், அம்மா விழுந்ததோ அங்கணத்தில். ஆளைத் தூக்கும் ரோபோவா? ஜப்பானில் ரிக்கன் ஆய்வு நிறுவனம் 2015-இல் ரோபேர் என்று கரடி முகத்தோடு ஒன்றைக் காட்டியது, கட்டிலில் இருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைக்கும், எடை மட்டும் 140 கிலோ, கடைக்கு வரவேயில்லை. 2022-இல் நியூயார்க் மாநிலம் 800-க்கு மேற்பட்ட முதியவர்களுக்குக் கொடுப்பதாக அறிவித்த எல்லிக்யூ என்ற ரோபோ, மேசையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கும், மாத்திரையை ஞாபகப்படுத்தும், நகராது. உங்களுக்குத் தேவை விழுந்தால் தகவல் சொல்லும் கைக்கடிகாரம். ஆப்பிள் வாட்ச்சில் 2018-லேயே வந்துவிட்டது, பலமாக விழுந்து ஒரு நிமிஷம்போல அசையாமல் கிடந்தால் தானே போன் போடும்.

பாளை மருமகள்:
கடிகாரம் நல்லதுதான், ஆனால் குளிக்கப் போகும்போது கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போவார்களே, அப்புறம் என்ன செய்வீர்கள்? தினமும் சார்ஜ் வேறு போட வேண்டும். எங்கள் அத்தைக்குப் பேசுகிற பெட்டி ஒன்று வாங்கினோம், கேமராவோடு. "ஏட்டி, மணி என்னாச்சு"ன்னு அத்தை கேட்பாள், அதற்கு ஒன்றும் விளங்காது, நான் போய்ச் செய்தி வாசிப்பவர் மாதிரி "இப்போது நேரம் என்ன" என்றால் உடனே சொல்லும். ரெண்டாவது வாரம் பார்த்தால் பெட்டி சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது, மேலே ஈரத்துண்டு. துணி மாத்துற இடத்துல கண்ணு வச்ச சாமான் எதுக்குன்னு கேட்டாள். நியாயம்தானே? நான் எடுத்துவிட்டேன்.

ஸ்பேனர்:
மதினி சொல்வது சரி, கழற்றி வைப்பதை நான் யோசிக்கவில்லை. அப்படியானால் முதலில் அங்கணத்தில் சொரசொரப்பான தரை, சுவரில் பிடிகம்பி, கீழே கிடந்தாலும் கைக்கு எட்டும் உயரத்தில் காலிங்பெல் சுவிட்ச், மணி மட்டும் பக்கத்து வீட்டில் அடிக்கட்டும். வயரில்லாத, தண்ணீர் பட்டாலும் கெடாத சுவிட்ச்சாகப் பாருங்கள்.

ஆத்துப்பாலம்:
பெல் யோசனை நல்லா இருக்கு, கொத்தனாருக்கும் சொல்லியாச்சு. நேற்று அம்மாவிடம் ரோபோ பேச்சை எடுத்தேன், முழுசாகக் கேட்டுவிட்டு, "அது எனக்கு முதுகுல தைலம் தேச்சு விடுமால?" என்றாள்.