300 பக்கேஜ், ஆனால் எந்நேரமும் 94

வெள்ளவத்தை அம்மா:
கடற்கரைப் பக்க ஒழுங்கையில் பழைய இரண்டு மாடி வீடு. ஃபைபர், 300 மெகாபிட் பக்கேஜ். ரவுட்டர் கீழே ஹோலில், டிவி ஷோகேசுக்குப் பின்னால். மேல்மாடி முன்னறையில் இவருடைய ஒபிஸ் கணினிக்குச் சுவரோரமாகக் கேபிள் இழுத்திருக்கிறோம். அதில் விடிய அளந்தாலும் இரவு அளந்தாலும் 94தான். கைப்பேசியோடு ஹோலில் நின்றால் 270, பின்னறையில் மகனின் கட்டிலில் 11. ஏ/எல் ஸூம் வகுப்பு அவனுக்கு டெப்பில். சேரின் முகம் வாய் திறந்தபடி அப்படியே நிற்கும், குரல் மட்டும் விட்டுவிட்டு வரும். பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் மூன்று பெட்டி மெஷ் (வீடு முழுக்க வைபையைப் பரப்பும் பெட்டிகள்) வாங்கச் சொல்கிறார்கள். விலை கிட்டத்தட்ட மகனின் ஒரு வருட டியூஷன் காசு. வாங்கத்தான் வேண்டுமா?

கொட்டாஞ்சேனை கேபிள்காரன்:
அக்கா, காசை எடுக்க முதல் கேபிளைப் பாருங்கள். எந்நேரமும் 94 என்றால் வைபைக்கும் கம்பனிக்கும் சம்பந்தமில்லை. 100 மெகாபிட் இணைப்பில் கைக்குக் கிடைப்பது அவ்வளவுதான். கேபிளுக்குள் 8 கம்பி, நான்கு சோடியாக இருக்கும். 100க்கு 4 போதும், கிகாபிட்டுக்கு, அதாவது 1000க்கு, எட்டும் வேண்டும். ஒரு சோடி விட்டாலும் 100க்கு இறங்கிவிடும். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து நிறங்களை எண்ணுங்கள். எட்டும் இருந்தால் கணினியின் போர்ட்டே பழைய 100 ஆக இருக்கலாம். கேபிளின் மேல் கேட் 5இ என்று அச்சடித்திருந்தால் மாற்றத் தேவையில்லை, 100 மீற்றர் வரை கிகாபிட் தாங்கும்.

தெஹிவளை வாசி:
கேபிளைச் சரிசெய்தாலும் மகனின் கட்டிலுக்கு வைபை வராதே? வைபையின் 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை வேகம்தான், ஆனால் கொங்கிரீட் தட்டும் கல் சுவரும் அதைத் தின்றுவிடும். 2.4 சுவர் தாண்டும், ஆனால் ஒழுங்கை முழுக்க எல்லா வீட்டு ரவுட்டரும் அதில்தான் நெரிகிறது. நான் மெஷ் போட்டேன், நிம்மதி. முதலில் அந்த ரவுட்டரை ஷோகேசுக்குப் பின்னாலிருந்து வெளியே எடுங்கள், புண்ணியமாகப் போகும்.

கொட்டாஞ்சேனை கேபிள்காரன்:
கேபிள் இழுக்க வழியில்லாத வீட்டுக்கு மெஷ் சரி. இங்கே மேல்மாடிக்கே கேபிள் வந்து நிற்கிறது. கிகாபிட் போர்ட் உள்ள, இரண்டு அலைவரிசையும் உள்ள சாதாரண ரவுட்டர் ஒன்று போதும். அதில் டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி பங்கிடும் வேலையை) நிறுத்தி, கீழே உள்ளதோடு மோதாத முகவரி கொடுத்து, கேபிளை வான் துளையில் (இன்டர்நெட் உள்ளே வரும் துளை) இல்லாமல் லான் துளையில் (வீட்டுக் கருவிகளுக்கான துளை) செருகுங்கள். வைபை பெயரும் கடவுச்சொல்லும் கீழே உள்ளவையே இருக்கட்டும். கணினியையும் அதிலேயே கொழுவலாம். அப்புறம், கரண்ட் போகும் நேரத்துக்கு இரண்டுக்கும் சின்ன யூபிஎஸ் வையுங்கள், கீழே உள்ளதற்கு மட்டும் வைத்துப் பிரயோசனமில்லை.

வெள்ளவத்தை அம்மா:
போன கிழமை மேலே உள்ள பிளக்கைக் கழற்றினோம். செம்மஞ்சளும் பச்சையும் மட்டும் உள்ளே போயிருந்தன. நீலச் சோடியையும் மண்ணிறச் சோடியையும் வெட்டி, மடித்து, டேப் சுற்றி வைத்திருக்கிறார் கேபிள் போட்ட மனுசன். ஐந்து வருடமாக! தெரிந்த தம்பி ஒருவர் வந்து இரண்டு முனைக்கும் புது பிளக் அடித்தார். கணினியில் 286. மேலே ஒரு ரவுட்டர் வாங்கி, நீங்கள் சொன்னபடியே வைத்தோம். கட்டிலில் இப்போது 170 வருகிறது. சேரின் வாய் அசைகிறது. மகனுக்குத்தான் முகம் சரியில்லை, கமராவைப் போடாமல் இருக்க இனிச் சாட்டு இல்லையே.