லிஜியாங் பழைய ஊர்: போனவர்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

வடக்குவாசல்

தென்மேற்குச் சீனாவின் யுன்னான் மாகாணத்து லிஜியாங் என்றாலே ஓடை, கல்பாலம், சிவப்புக் கூண்டு விளக்கு என்று படமாகப் போட்டுத் தள்ளுகிறீர்கள். எனக்கு உறுத்திக்கொண்டே இருப்பது அந்த மூன்று கண் கிணறு. சிங்க மலை அடிவாரத்தில், பைமாலொங் ஊற்றுப் பக்கம் இருப்பது. மேல்தொட்டி குடிக்க, நடுத்தொட்டி காய்கறி கழுவ, கடைசித் தொட்டி துணிக்கு.

மழை விட்ட நேரம். ஒரு பையன் சேற்றுக் காலணியைக் கழற்றி மேல்தொட்டியில் முக்கி அலசிக்கொண்டிருந்தான். கீரைக்கூடையோடு ஒரு நாசிப் பாட்டி வந்தார் (நாசி என்பது அந்தப் பக்கத்துப் பூர்வகுடி இனம்). நீல உடை, முதுகில் ஆட்டுத்தோல். கத்தவே இல்லை. காலணியை அவன் கையிலிருந்து வாங்கி, மூன்றாவது தொட்டி ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து, கலங்கல் தண்ணீர் வழிந்து தெளிகிறவரை மேல்தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பையன் மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். அவரோடு ஒரு செல்ஃபி எடுத்தான். அவரும் நிமிர்ந்து நின்று முகம் காட்டினார்! அது ஏன் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

சந்தேகப்பேர்வழி

அவர் நாசி என்று எப்படி முடிவு செய்தீர்கள்? உடையை வைத்தா? அந்த உடை போட்டுப் படம் எடுக்க அங்கே கடைக்குக் கடை வாடகைக்குக் கிடைக்கிறது. பழைய ஊருக்குள் நாசிக் குடும்பங்கள் குறைந்துவிட்டன. பெரும்பாலோர் வீட்டை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் புதிய நகரத்துக்குப் போய்விட்டார்கள். மதுக்கடைத் தெருவும், ஆப்பிரிக்கக் கைமேளம் விற்கும் கடைகளும்தான் மிச்சம். மலைநாட்டு நாசி ஊரில் ஆப்பிரிக்க மேளம், என்ன சம்பந்தம்?

நான் பார்த்தது இது. தங்கிய விடுதி ஒரு பழைய முற்றத்து வீடு. நடத்துபவர் வடகிழக்குச் சீனாக்காரர். ஒரு காலை, சொந்தக்காரர் வாடகைக்காக வந்தார். அதே வீட்டில் பிறந்தவராம். கூட வந்த சிங்கப்பூர் நண்பருக்கு மாண்டரின் தெரியும் என்பதால் பேச்சுக் கொடுத்தோம். 1996 பிப்ரவரி 3 நிலநடுக்கத்தைப் பற்றிக் கேட்டதும் எழுந்து தூணைக் கட்டிப்பிடித்து, இப்படியும் அப்படியும் ஆடிக் காட்டினார். மண்சுவர் இடிந்து விழுந்தது, மரச்சட்டம் நின்றுவிட்டது என்றார். ஆணியை நம்பாமல் கட்டைக்குள் கட்டையைச் செருகிக் கட்டியது, ஆடும், ஒடியாது. மறு ஆண்டே யுனெஸ்கோ பட்டியல், அதன் பின்னால் கூட்டம், பிறகு வாடகை.

அப்போது முன்னறையில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் வந்து, அறை எடுக்க வந்தவர் என்று நினைத்து அவரிடம் அடையாள அட்டை கேட்டாள். மனிதர் ஒன்றும் பேசாமல் எடுத்து நீட்டினார். பிறந்த வீட்டில்!

தாளக்காரன்

சந்தேகப்பேர்வழி சார், அசல் போலி என்று பிரிப்பது அவ்வளவு சுலபமில்லை. இரவில் நாசிப் பழைய இசை கேட்கப் போனீர்களா? அந்த இசையே நாசி மண்ணில் முளைத்ததில்லை. ஹான் சீனர்களின் தாவோயிச வழிபாட்டு இசை நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே வந்து, நாசிக்காரர்கள் கையில் தங்கியது. இதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? கைமேளமும் இன்னும் முந்நூறு வருடம் இருந்தால் நாசி ஆகிவிடும் (அதற்கு நாம் யாரும் இருக்கப்போவதில்லை, நல்லவேளை).

மேடைக்கு மேலே, காலமான கலைஞர்களின் படங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். கீழே வாசிப்பவர்களில் பலருக்கு வெள்ளைத் தாடி. சின்ன வெண்கலத் தட்டு வைத்திருந்த பெரியவர் பாட்டு தொடங்கியதுமே தூங்கிவிட்டார். எனக்கு ஒரே பதற்றம், பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்பக் கூடாதா என்று. அவருடைய முறை வந்தது. கண் திறக்கவில்லை. தட்டு மட்டும் 'டிங்' என்று சரியான இடத்தில் விழுந்தது. அப்புறம் தலை பழையபடி சாய்ந்துவிட்டது.

மலையேறி

எல்லோரும் ஊருக்குள்ளேயே சுற்றுகிறீர்களே! யூலொங் பனிமலையில், 4680 மீட்டர் பலகையடியில் ஒரு ஆள்: ஒரு கையில் ஆக்சிஜன் டப்பா, மறு கையில் சிகரெட். மாறி மாறி இழுத்தார். என் கதை அவ்வளவுதான். இனிப் போகிறவர்களுக்கு:

ஊரே 2400 மீட்டர். இறங்கிய மறுநாளே மலைக்கு ஓடாதீர்கள். கம்பிவட வண்டி உங்களை ஒரே மூச்சில் 4506-க்குத் தூக்கிப் போய்விடும். உடம்புக்கு அந்த வேகம் கிடையாது. மேலே மரப்படிகளில் மெதுவாக ஏறுங்கள். 5596 மீட்டர் உச்சியைப் பார்ப்பதோடு சரி, அங்கே உங்களை யாரும் விடமாட்டார்கள். வண்டிச் சீட்டை முன்கூட்டியே எடுங்கள், பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். சக்கரப்பெட்டியைப் பழைய ஊர்க் கல்பாதையில் இழுத்தால் சக்கரம் கையோடு வந்துவிடும், முதுகுப்பைதான் சரி. சைவர்கள் பாபா ரொட்டி வாங்குமுன் பன்றிக்கொழுப்பு சேர்த்ததா என்று கேளுங்கள். கடலைமாவுக் கூழை உறையவைத்து, துண்டு போட்டு, மிளகாயோடு வறுத்துத் தருவார்கள், அதை விடாதீர்கள். சீனா முழுக்க பெய்ஜிங் நேரம்தான், அதனால் கோடையில் இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும், மாலைத் திட்டத்தை அதற்கேற்பப் போடுங்கள். பழைய நாசித் தலைவர்களின் மூ மாளிகைக்குப் போகலாம், ஆனால் இப்போது நிற்பது நிலநடுக்கத்துக்குப் பிறகு திரும்பக் கட்டியது. அரை நாள்தான் இருக்கிறது என்றால் பக்கத்துப் பைஷா கிராமத்துக்குப் போய் மிங் அரச வம்சக் காலச் சுவரோவியங்களைப் பாருங்கள். சீன பௌத்தம், தாவோயிசம், திபெத்திய பௌத்தம் மூன்றும் ஒரே சுவரில் இருக்கும். இருட்டாக இருக்கும், கண் பழகும்வரை பொறுங்கள்.

வடக்குவாசல்

மலையேறி அண்ணா, அறிவுரை யார் கேட்டது? அந்தச் சிகரெட் ஆளைப் பற்றி இன்னும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

கரிசல்மழை

கருப்பு டிராகன் குளத்தை யாரும் சொல்லவில்லையே. குளத்தில் பனிமலை தலைகீழாகத் தெரியும் என்று நம்பித்தான் எல்லோரும் போகிறோம். மழை பொய்த்த வருடங்களில் அது வற்றிவிடுகிறது. நான் போனது அப்படி ஒரு மார்ச்சில். ஐந்து வளைவுப் பாலத்தின் கீழே வெடித்த சேறு.

ஆனாலும் ஒரு புகைப்படக்காரர் கடை விரித்திருந்தார். வயதான சீனத் தம்பதியைச் சேற்றின் முன் நிறுத்திப் படம் எடுத்து, கொஞ்ச நேரத்தில் அச்சுப்படம் நீட்டினார். படத்தில் குளம் நிரம்பியிருந்தது, மலையும் பாலமும் தண்ணீரில் தெரிந்தன. கணவர் படத்தைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். பெரிய சண்டை. என்னவென்று எங்கள் வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். மலை நிழல் இருக்கிறது, பாலத்தின் நிழல் இருக்கிறது, என் மனைவியின் நிழல் மட்டும் தண்ணீரில் ஏன் விழவில்லை என்று கேட்கிறாராம்!

கடைசியில் பாதி விலைக்கு வாங்கிப் போனார்கள். சந்தேகப்பேர்வழி, இதை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்?